கதவு ஏன் தரையோடு ஒட்டிக்கொள்கிறது?

புனே லட்சுமி ரோட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஜனவரியில் ஒரு கவலை கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அது உறைந்துபோய்த் தரையோடு ஒட்டியிருக்குமோ என்று அவர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த நகரின் வானிலைப் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ். 1935 ஜனவரி 17 அன்று அது பதிவானது. நீரின் உறைநிலைக்கு அவ்வளவு நெருங்கிப் போன குளிர்கூட அதைத் தொடவில்லை.

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதை ஒட்டிய மார்க்கத்திலும் வாழும் தமிழர்களின் கதை வேறு. அங்கே விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர் காருக்குள் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்துவார். மோட்டார் உறுமும், கராஜ் கதவு லேசாக அதிரும், அதோடு நின்றுவிடும். கதவின் அடிப்பக்கம் இரவோடு இரவாகக் கான்கிரீட் தரையில் உறைந்திருக்கும். இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்தினால் ரப்பர் பட்டை கிழியும், அல்லது மோட்டாரின் பல்சக்கரம் போகும்.

பலரும் இதற்குக் குளிரைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் எவ்வளவு குளிர்ந்தாலும் காய்ந்த கதவு காய்ந்த தரையில் ஒட்டாது. ஒட்டவைக்கும் பசை நீர். கதவுக்கும் தரைக்கும் இடையில் அது எப்படி வந்தது, அங்கே ஏன் தங்கியது, எப்போது உறைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் தடுக்கும் வழி தானே புலப்படும். மூன்றாவது கேள்வியான ‘எப்போது’ என்பதற்குப் புனேயில் நடந்த ஆய்வு ஒன்று பெரிதும் உதவுகிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

காற்று ஒன்று சொல்லும், தரை ஒன்று சொல்லும்

புனே சிவாஜிநகரில் கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் ‘சிம்லா ஆபீஸ்’ என்பார்கள். 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. பின்னாளில் தலைமையகம் டெல்லிக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வானிலைத் துறை சொல்லும் ‘இன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை’ எங்கே அளக்கப்படுகிறது? வெள்ளை வண்ணம் அடித்த, நான்கு பக்கமும் சட்டம் சட்டமாகக் காற்றோட்டம் விட்ட ஸ்டீவன்சன் பெட்டிக்குள். அது தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே நிற்கும். வானம் அந்த வெப்பமானியைப் பார்க்காது, வெப்பமானியும் வானத்தைப் பார்க்காது. தரை அப்படியில்லை. இரவு முழுக்க அது திறந்த வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது.

எல்லாப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் மூடிய இரவில் மேகம் அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்து, காற்றும் வறண்டிருந்தால் திருப்பி அனுப்ப ஆளில்லை. அப்படிப்பட்ட இரவில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறக்குறைய 60 முதல் 100 வாட் வரை நிகரமாக இழக்கிறது. ஜனவரியில் பகலில் 30 டிகிரியைத் தொடும் புனே, விடிகாலையில் 11 டிகிரிக்கு இறங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

இதைப் பயன்படுத்தி இந்தியாவில் ஒரு காலத்தில் ஐஸ் தயாரித்திருக்கிறார்கள். குளங்கள் உறையாத அலகாபாத்தில், ஆழமில்லாத குழிகளில் கரும்புத் தட்டையும் சோளத்தட்டையும் பரப்பி, அதன்மேல் மெல்லிய மண் தட்டுகளில் கொஞ்சம் நீர் ஊற்றி, குளிர்கால இரவில் விட்டுவிடுவார்கள். விடியலில் தட்டில் ஐஸ் இருக்கும். சர் ராபர்ட் பார்க்கர் இந்தத் தொழிலைப் பார்த்து 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். கீழே பரப்பிய தட்டை, மண்ணின் வெப்பம் நீருக்கு ஏறாமல் தடுத்தது. நீர் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்தது. காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே நீர் உறைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

புனேயிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மகாபலேஷ்வரில் இன்றும் இதைக் காணலாம். சில குளிர்கால விடியல்களில் வென்னா ஏரிக் கரையிலும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களிலும் நிறுத்திவைத்த கார்களின் கூரைகளிலும் பனித்துளி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அன்றைய அதிகாரபூர்வ அளவு உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே இருக்கும். இரண்டும் உண்மை. ஒன்று காற்றின் அளவு, மற்றது கார் கூரையின் அளவு.

நீலகிரிக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. முதலில் நீர்ப்பனி விழும், பிறகு உறைபனி வரும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின்மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் பரப்பி மூடுவார்கள். அந்த மிலார் செடிக்கென்று தனியாகச் சூடு எதுவும் கிடையாது. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் அது நிற்கிறது, அவ்வளவுதான். கராஜ் கதவுக்கு மேலே கூரையை இரண்டடி முன்னே நீட்டிக் கட்டுவதும் இதே வேலையைச் செய்கிறது.

ராமதாஸ் கண்ட குளிர்

தரைக்கு அருகே காற்று எந்த உயரத்தில் மிகவும் குளிர்ந்திருக்கும்? தரைதான் வெப்பத்தை இழக்கிறது, ஆகவே தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்தது என்றுதான் உலகம் நம்பியிருந்தது.

பாலக்காட்டில் பிறந்து, சி.வி. ராமனிடம் ஆய்வு பயின்று, வானிலைத் துறையில் சேர்ந்த எல்.ஏ. ராமதாஸ் இந்த நம்பிக்கையைச் சோதித்தார். 1932இல் புனேயில் தொடங்கிய வேளாண் வானிலைப் பிரிவை வளர்த்தெடுத்தவர் அவர். பயிர் வாழ்வது தரையிலிருந்து சில அடி உயரத்துக்குள்தான். அந்தச் சில அடிகளின் வானிலையை அறியாமல் பயிருக்கு வானிலை சொல்லி என்ன பயன் என்பது அந்தப் பிரிவின் அடிப்படைக் கேள்வி. அவரும் எஸ். ஆத்மநாதனும் அமைதியான, தெளிந்த இரவுகளில் வெறும் மண்ணுக்கு மேலே சிறிது சிறிதாக உயர்த்தி வெப்பநிலையை அளந்தார்கள். மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. தரை அதைவிடச் சில டிகிரி சூடாக இருந்தது. 1932இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

மேலைநாட்டு வானிலையாளர்கள் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. கருவியில் பிழை இருக்கலாம், பக்கத்திலிருந்து குளிர்காற்று நழுவி வந்திருக்கலாம் என்றார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் ராஷ்கே புனேயிலேயே கவனமாக அளந்து பார்த்து, 1957இல் அதை உறுதிசெய்தார். பிறகு பெங்களூரில் ரோத்தம் நரசிம்மாவும் அவரது குழுவினரும் 1990களில் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் தேடினார்கள். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெப்பத்தை வானுக்கு அனுப்புவதும் இதில் பங்கு வகிக்கிறது என்று ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் பின்னாளைய சோதனைகள் காட்டின. இன்று உலகம் அதை ‘ராமதாஸ் அடுக்கு’ என்றே அழைக்கிறது.

புனே மண்ணின் இந்தக் கண்டுபிடிப்பைக் கனடாவின் கான்கிரீட்டுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. வெண்பனி போர்த்திய நிலத்தில் பனியின் மேற்பரப்பே மிகவும் குளிர்ந்திருக்கும். ஆனால் ராமதாஸ் கற்றுத்தந்த பாடம் எங்கும் செல்லும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள் தனியாக ஒரு வானிலை நடக்கிறது. செல்பேசி காட்டும் ‘2 டிகிரி’ அதற்குப் பொருந்தாது. கராஜ் கதவின் அடிப்பட்டை வாழ்வது அந்த உயரத்தில்தான்.

உறைவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு கிலோ. பூஜ்ய டிகிரிக்கு வந்துவிட்ட அந்த நீர் 80 வாட் வீதம் வெப்பத்தை இழந்தால், சுமார் 70 நிமிடத்தில் முழுவதும் உறைந்துவிடும். காற்றும் கடுங்குளிராக இருந்தால் இன்னும் சீக்கிரம். மாலை 6 மணிக்கு ஈரத்தின்மேல் மூடிய கதவு இரவுச் சாப்பாட்டுக்குள் ஒட்டிவிடும்.

நீர் வரும் வழிகள்

ஸ்கார்பரோ வீடுகளில் கதவை ஒட்டவைக்கும் நீரில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருவதில்லை. காரோடு சேர்ந்து உள்ளே வருகிறது. வேலை முடிந்து வரும் காரின் சக்கர வளைவுகளிலும் அடிப்பகுதியிலும் வெண்பனி அப்பியிருக்கும். கராஜ் வீட்டோடு ஒட்டியிருப்பதால் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். அந்தப் பனி மெல்ல உருகும். கராஜ் தரையைக் கதவுப் பக்கம் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். உருகிய நீர் சரிவில் ஓடி வந்து கதவின் அடியில் தேங்கும். அங்கே வெளிக்குளிர் காத்திருக்கிறது.

இரண்டாவது வழி கூரை. வெயில்பட்டு உருகும் கூரைப்பனி கதவுக்கு முன்னே சொட்டும். மூன்றாவது வழி, கார் நிறுத்தும் பாதையின் சரிவு. வீடு பாதையைவிடத் தாழ்ந்திருந்தால் உருகும் நீரெல்லாம் வீட்டை நோக்கியே வரும். பகலில் உறைநிலைக்கு மேலே ஏறி, இரவில் கீழே இறங்கும் நாட்களே இதனால் மிகவும் ஆபத்தானவை. ஒரு வாரம் முழுக்க மைனஸ் 20இல் கிடந்தால் உருகுவதற்கே வழியில்லை, கதவும் நன்றாகத் திறக்கும். ‘இன்று அவ்வளவு குளிரில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கப்போன இரவுக்கு மறுநாள்தான் கதவு ஒட்டியிருக்கும்.

நான்காவது வழி உறைமழை. மேலே சூடான காற்றில் மழைத்துளியாக இருந்தது, கீழே குளிர்ந்த காற்றுக்குள் விழும்போது பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே வரும். எதன்மேல் பட்டாலும் அந்தக் கணமே உறையும். 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொராண்டோவைத் தாக்கிய உறைமழைப் புயலில் மரக்கிளைகள் ஐஸின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. அந்நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் மின்இணைப்புகள் துண்டாயின. மின்சாரம் போனால் கதவின் மோட்டாரும் போயிற்று. மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கைப்பிடிக் கயிறு எங்கே தொங்குகிறது என்பதைக் குளிர்காலம் வருமுன்பே வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஐஸ் ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது?

நீர் ஓடும் பொருள். கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத குழிகளும் துளைகளும் ஏராளம். நீர் ஒவ்வொன்றுக்குள்ளும் இறங்கும். உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகும். உள்ளே புகுந்த இடத்திலேயே பெருத்து, வெளியே வர முடியாத ஆப்பாக மாறிவிடும். மறுபக்கம் கதவின் அடிப்பட்டையிலும் இதே கதை. கீறல் விழுந்த பழைய ரப்பர் புது ரப்பரைவிட அதிகம் ஒட்டுவதற்கு இதுவே காரணம்.

துளையில்லாத வழவழப்பான பரப்பிலும் ஐஸ் பிடிக்கும். 1850இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஓர் எளிய சோதனையை விளக்கினார். உருகும் நிலையில் உள்ள இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்துவைத்தால் அவை ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, இரு பக்கமும் ஐஸ் வந்து நெருக்கும்போது அந்தப் படலம் உறைந்துவிடுகிறது என்று அவர் ஊகித்தார். உறைநிலைக்குச் சற்றுக் கீழே வரைகூட அப்படியொரு படலம் உண்டு என்பதை இருபதாம் நூற்றாண்டின் நுட்பமான கருவிகள் காட்டின. இன்னும் குளிரும்போது அந்தப் படலமும் மெலிந்து, ஐஸின் பிடி இறுகுகிறது.

பிடியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு 16 அடி அகலம், ஏறக்குறைய 490 சென்டிமீட்டர். அடிப்பட்டையில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஐஸ் பிடித்திருந்தால் ஒட்டிய பரப்பு 980 சதுர சென்டிமீட்டர். உலோகத்தில் ஐஸ் பிடிக்கும் வலிமை சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ எடைக்குச் சமம். நாம் குறைத்தே 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,960 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 2 டன். கதவின் எடையைப் பெரும்பாலும் மேலே உள்ள முறுக்கு ஸ்பிரிங்தான் தாங்குகிறது. ஆகவே மோட்டாருக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒரு மனிதர் ஒரு கையால் தூக்கும் அளவுதான். அந்த மோட்டாரிடம் 2 டன்னைக் கேட்பது நியாயமில்லை.

சிலர் மோட்டாரின் விசை அளவைத் திருகி ஏற்றிவிடுவார்கள். அதைச் செய்யவே கூடாது. தடை வந்தால் நிற்க வேண்டும் என்ற அந்த வரம்பு, கதவடியில் குழந்தையோ நாயோ சிக்கினால் காப்பதற்காக வைத்தது.

ரப்பர் கற்றுத்தந்த பாடம்

கதவின் அடியில் உள்ள ரப்பர் பட்டைக்கு இரண்டு வேலை. தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கி நீரையும் காற்றையும் அடைப்பது ஒன்று. கதவு எழும்போது வளைந்து கொடுப்பது மற்றொன்று. குளிரில் ரப்பர் விறைத்தால் இரண்டுமே கெடும். விறைத்த ரப்பர் நீரை உள்ளே விடும், ஒட்டிய பின் கிழியும்.

குளிரில் ரப்பர் விறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் 1986இல் கண்டது. ஜனவரி 28 அன்று, ஃபுளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிரில் ஏவிய சேலஞ்சர் விண்ஓடம் 73 நொடியில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, தன் வடிவத்துக்குத் திரும்பச் சுணங்கியதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் நீரில் நனைத்து, எடுத்து, தளர்த்திக் காட்டினார். அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை.

கராஜ் கதவுக்கு வினைல் பட்டை மலிவு, ஆனால் கடுங்குளிரில் சீக்கிரம் விறைக்கும். கார் கதவுகளின் விளிம்பில் இருக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் மைனஸ் 40 வரையிலும் நெகிழ்ந்திருக்கும். சிலிகோன் ரப்பர் அதற்கும் கீழே தாங்கும். இயந்திர எண்ணெயையோ வாசலினையோ ஈ.பி.டி.எம். பட்டையில் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சிலிகோன் ஸ்பிரே கெடுக்காது. துணியில் தெளித்துப் பட்டையின் நீளம் முழுக்கத் துடைத்துவிட்டால், நீர் பரவாமல் முத்துமுத்தாக நிற்கும், உறைந்தாலும் பிடி இளகியிருக்கும். குளிர்காலத்தில் ஒரு முறை செய்தால் போதாது. தேயத்தேய மறுபடியும் பூச வேண்டும்.

தடுக்கும் வரிசை

முதல் வேலை, நீரை வரவிடாமல் செய்வது. காரை உள்ளே விடுமுன் சக்கர வளைவில் அப்பிய பனியைக் கம்பால் தட்டிவிட வேண்டும். உள்ளே உருகித் தேங்கிய நீரை ரப்பர் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். கதவுக்கு முன்னே ஸ்னோ தள்ளும்போது ஒரு கோடாக விட்டுவிடாமல் வாசல் விளிம்புவரை சுத்தமாக எடுக்க வேண்டும். சரிவு தவறான பக்கம் இருந்தால், வாசலுக்குக் குறுக்கே கம்பிவலை மூடிய வடிகால் போடுவதே நிரந்தரத் தீர்வு. கூரைநீர்க் குழாயின் வாய் கதவுப் பக்கம் திரும்பியிருந்தால் அதை மாற்றுவதற்கு ஒரு மதியம் போதும்.

அடுத்தது, நீர் வந்தாலும் தங்காமல் செய்வது. கான்கிரீட்டில் கதவு வந்து அமரும் கோட்டில் பள்ளமோ வெடிப்போ இருந்தால் கோடையிலேயே பூசி அடைத்துவிட வேண்டும். தரையில் ஒட்டும் ரப்பர் வரம்பு ஒன்றைப் பதித்தால் கதவு தரையின்மேல் நேரடியாக அமராது.

கடைசியாக, தங்கினாலும் உறையாமல் செய்வது. இங்கேதான் உப்பு வருகிறது. குல்பி விற்பவர் ஐஸோடு உப்பைக் கலந்து பானையைச் சுற்றி அடைப்பதைப் பார்த்திருப்போம். உப்பு கலந்த நீர் பூஜ்யத்தில் உறைய மறுக்கும். எடையில் 23 சதவீதம் உப்பு சேர்ந்தால் உறைநிலை மைனஸ் 21 வரை இறங்கும். அது ஆய்வுக்கூடக் கணக்கு. தெருவில் தூவும்போது மைனஸ் 10ஐத் தாண்டினாலே சாதாரண உப்பு சோர்ந்துவிடும். கால்சியம் குளோரைடு கரையும்போதே வெப்பத்தை விடுவதால் அதைவிடக் கடுங்குளிரிலும் வேலை செய்யும். இரண்டும் கான்கிரீட்டை அரிக்கும், கதவின் எஃகு அடிச்சட்டத்தைத் துருவேற்றும். அதனால் உப்பைக் கைநிறைய வாரி இறைக்காமல், தேவைப்படும் இரவில் மட்டும், கதவு அமரும் கோட்டில் மெல்லிய வரியாகத் தூவினால் போதும். மணல் ஐஸை உருக்காது, வழுக்காமல் நடக்க மட்டும் உதவும்.

வெந்நீரை ஊற்றலாமே என்று தோன்றும். அது அந்த நிமிடத்துக்கு உருக்கும். பிறகு உருகிய நீரும் ஊற்றிய நீரும் சேர்ந்து, முன்பைவிட அகலமாக உறையும்.

கதவு இறங்க மறுப்பதும் சில காலைகளில் நடக்கும். தரையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இரு பக்கமும் உள்ள ஒளிக்கண்கள் உறைபனியால் மங்கினால், நடுவில் ஏதோ நிற்கிறது என்று நினைத்துக் கதவு திரும்ப மேலே போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகும்.

ஒட்டிவிட்டால் என்ன செய்வது?

தோசைக்கல்லில் பிடித்துக்கொண்ட தோசையை யாரும் நடுவில் பிடித்து மேலே இழுப்பதில்லை. ஓரத்தில் திருப்பியை நுழைத்து, மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே போவோம். அதன் காரணம் இயற்பியல். ஒட்டிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பிய்க்க 2 டன் வேண்டும். ஓரத்தில் ஒரு விரிசலைத் தொடங்கிவைத்தால், அந்த விரிசலின் முனையில் உள்ள சின்னக் கோட்டை மட்டும் உடைத்தால் போதும். கோடு நகர நகர ஒட்டு விட்டுக்கொண்டே வரும். மோட்டார் கதவை முழு அகலத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் இழுக்கிறது. அதனால்தான் தோற்கிறது.

ஆகவே முதலில் மோட்டாரை அணைத்துவிட வேண்டும். ஒரு மூலையில் தொடங்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் பட்டைக்கும் தரைக்கும் இடையே நுழைத்து, ஒரு சாணாக விடுவித்துக்கொண்டே போக வேண்டும். இரும்புக் கடப்பாரை ரப்பரைக் கிழித்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் சுரண்டிக்கு முன்னே காட்டலாம், ஆனால் அதன் மின்கம்பி தேங்கிய நீரில் படக் கூடாது. எல்லாம் விட்ட பிறகு, சிவப்புக் கைப்பிடிக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவித்து, கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கவே முடியாதபடி கனத்தால் முறுக்கு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதைத் தொடுவது தொழில்தெரிந்தவர் வேலை. இறுக்கிய ஸ்பிரிங்கில் அடைந்திருக்கும் ஆற்றல் கையை முறிக்கக் கூடியது.

திறந்ததும் வேலை முடிந்துவிடாது. தரையிலும் பட்டையிலும் மிச்சமிருக்கும் ஐஸைச் சுரண்டி, துடைத்து, காயவைத்த பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாளும் அதே கதைதான்.

ஒட்டாத பரப்பைத் தேடி

ஓரத்திலிருந்து விடுவிக்கும் அந்த உத்தியையே பொருளுக்குள் வைத்துவிட முடியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனிஷ் டுடேஜாவின் குழு இதைத்தான் தேடியது. 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வழுக்கலான ரப்பர் போன்ற பூச்சுகளில் ஐஸ் மிகக் குறைந்த விசையில் நழுவுவதைக் காட்டினார்கள். அதுவரை பலரும் நீரை விரட்டும் பூச்சுகளையே தேடிக்கொண்டிருந்தார்கள். நீரை விரட்டுவது வேறு, ஐஸை விடுவிப்பது வேறு என்பது தெளிவாயிற்று.

2019இல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. வழக்கமான பரப்பில் ஐஸ் பிடித்த இடம் பெரிதாகப் பெரிதாக விடுவிக்கத் தேவையான விசையும் கூடும். விரிசல் எளிதில் ஓடும்படி வடிவமைத்த பூச்சில், ஒரு நீளத்துக்கு மேலே விசை கூடுவதில்லை. பெரிய பரப்பில் படிந்த ஐஸ்கூடத் தன் எடையாலேயே உதிர்ந்துவிடும். விமான இறக்கை, கப்பல் தளம், காற்றாலை இறகு, மின்கம்பி ஆகியவற்றுக்கெல்லாம் இது பயன்படும். இந்தப் பூச்சுகள் ஆண்டுக்கணக்கில் வெயிலையும் உப்பையும் உராய்வையும் தாங்கினால், நாளை கராஜ் கதவின் பட்டைக்கும் வரும்.

புனேக்கு என்ன?

புனேயில் ஷட்டர் ஒட்டுவது ஜனவரியில் அல்ல, மழைக்காலத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் அடிச்சட்டத்தின் மடிப்புக்குள்ளும் பக்கத் தண்டவாளத்தின் அடியிலும் நீர் தங்குகிறது. அங்கே உருவாகும் துரு, தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொண்டு சட்டத்தை இறுக்குகிறது. ஐஸ் 9 சதவீதம் பெருத்துச் செய்வதை இங்கே துரு மெதுவாகச் செய்கிறது. ஐஸ் வெயில் வந்தால் விட்டுப்போகும், துரு விடாது.

ஆகவே வீடு மார்க்கத்தில் இருந்தாலும் சரி, கடை லட்சுமி ரோட்டில் இருந்தாலும் சரி, காலம் மாறுமுன் ஒரு வேலையைச் செய்யுங்கள். கதவின் முன்னே ஒரு வாளி நீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். உப்பு, ஸ்பிரே, புதுப் பட்டை எல்லாம் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.